கவிழ்த்து வைத்த போன்

பெருந்துறை ரோட்டில் ஸ்கேன் சென்டருக்கு மேல் மாடி.
செவ்வாய் மாலை ஒன்பது நாற்காலி, வட்டமாக.
வெள்ளிக்கிழமை அதே அறையில் இரண்டு.
நான் இரண்டுக்கும் போகிறேன்.
மஞ்சள் மண்டியில் பதினெட்டு வருஷம்
கணக்கு எழுதிய கை,
இங்கேயும் வரவு எது பற்று எது என்று
எழுதிப் பார்க்கிறது.
நேராகவில்லை.

வெள்ளிக்கிழமை
ஐம்பது நிமிஷமும் என்னுடையது.
அழலாம். கடிகாரத்துக்கு மட்டும்தான் அவசரம்.
தம்பி கூப்பிட்ட ராத்திரியை
மூன்றாம் வெள்ளியில் சொன்னேன்:
மூன்று தடவை அடித்தது.
பணம் கேட்பான் என்று நினைத்தேன்.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"உங்க தப்பில்லீங்க" என்றார் ஹெப்சிபா மேடம்.
நல்ல மனுஷி. மெய்யாகத்தான் சொன்னார்.
எண்ணூறு ரூபாய் எண்ணிக் கொடுத்துவிட்டுப்
படியிறங்கும்போது
விரலிமஞ்சளை ஒடித்து உள்நிறம் பார்ப்பதுபோல
அந்த வார்த்தையை ஒடித்துப் பார்த்தேன்.
நிறம் இருந்தது.
வாங்கத்தான் மனசு வரவில்லை.

செவ்வாய்க் கூட்டத்தில் ஒரு விதி:
எல்லோரும் போனைக் கவிழ்த்து
நடுமேசையில் வைக்க வேண்டும்.
ஏழு கவிழ்ந்தன.
என்னுடையது மல்லாந்து கிடந்தது.
பக்கத்தில் இன்னொன்றும்.

திருச்செங்கோட்டுக்காரர், ரிக் வண்டி வையாபுரி.
ஐந்து வாரம் வாய் திறக்காதவர்
ஆறாம் வாரம் மேசையைப் பார்த்தே பேசினார்:
"ராய்ச்சூர்ப் பக்கம், எழுநூறடி ஓடிட்டிருந்துச்சுங்.
பையன் நெம்பர் வந்துச்சு.
கம்ப்ரசர் சத்தத்துல என்னத்தப் பேசறது,
பொறவு பேசிக்கலாம்னு கவுத்து வெச்சனுங்."

அவ்வளவுதான்.
தப்பில்லை என்று யாரும் சொல்லவில்லை.
அங்கமுத்து தண்ணீர்ப் பாட்டிலை
அவர் பக்கம் நகர்த்தினார்.
"எனக்குமுங்" என்றேன்.
அன்றைக்கு எதையும் ஒடித்துப் பார்க்கவில்லை.

அதற்காகக் கூட்டத்தைக் கோயில் என்று
சொல்லிவிட மாட்டேன்.
அங்கமுத்து பேச ஆரம்பித்தால்
பள்ளிபாளையத்துத் தறி, கரண்ட் போனால்தான் நிற்கும்.
தொண்ணூறு நிமிஷத்தை ஒன்பதால் வகுத்தால் பத்து.
சில நாள் எனக்கு வந்தது இரண்டு.
ஊரும் சின்னது.
"நீங்க எந்தூருங்?" என்று ஆரம்பித்தால்
மூன்றாம் கேள்விக்குள் மாமன் மச்சான் வந்து நிற்பார்கள்.
இங்கே பேசியது இங்கேயே என்று
சுவரில் எழுதியிருக்கிறது.
சுவருக்கு ஒரம்பரை இல்லை.
எங்களுக்கு உண்டு.

காங்கயத்துப் பையன் நவநீதன்
அம்மாவைப் பற்றிப் பாதி சொல்லியிருந்தான்.
அடுத்த வாரம் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தார்,
தேங்காய்க் களத்தில் அவன் அப்பாவுக்குக் கூட்டாளி.
மீதிப் பாதியை எடுத்துக்கொண்டு
அவன் போய்விட்டான்.
நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை.
மூன்று வாரம் அதன்மேல் பைகளை வைத்தோம்.

எனக்கும் ஒரு மீதி உண்டு.
போனைக் கவிழ்த்த பிறகு
நன்றாகத் தூங்கினேன்.
மாசக்கணக்கில் வராத தூக்கம்,
விடிய விடிய.
இதை வையாபுரி முன்னால் சொல்ல மாட்டேன்.
அவர் அன்று தூங்கியிருக்க மாட்டார்,
இல்லை, தூங்கியிருப்பார்.
எதுவானாலும் அவர் சுமையின் மேல்
என்னுடையதையும் எப்படித் தூக்கி வைப்பது.

வெள்ளிக்கிழமைதான் சொன்னேன்.
மேடம் உடனே ஒன்றும் சொல்லவில்லை.
கீழே ஸ்கேனுக்கு யாரையோ
பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்,
ஒரு தடவை, இன்னொரு தடவை.
அப்புறம் யாரோ "வர்றனுங்" என்றார்கள்.

போன வாரம் கொஞ்சம் முந்திப் போனேன்.
கதவுக்கு வெளியே ஒரு ஜோடிச் செருப்பு.
இடது வார் அறுந்து நீல நூலில் தைத்தது.
தெரிந்த செருப்பு.
உள்ளே இருக்கிறான்.

படியில் உட்கார்ந்தேன்.
கதவு திறந்தால் அவனைப் பார்க்காதவள்போல
போனைப் பார்த்துக்கொள்ளலாம் என்று
மடியில் எடுத்து வைத்தேன்,
நிமிர்த்தி.