வானொலி இல்லாத பக்கம்

பில்லியர்ட்ஸ் மேசைமேல் பச்சைக் கம்பளி.
அடியில் அடுக்கிய பழைய டெலிபோன் புத்தகங்கள்
மேர்டோர்ப் மேட்டைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன.
சாலைக்கு உப்புத்தாள்,
வேலிக்குப் பாத்திரம் தேய்க்கும் பஞ்சு,
மாதா கோயில் கோபுரத்துக்கு
ஓடில் கடையின் வாசனைத் தைலக் குப்பி மூடி.

வெளியே நவம்பர் மழை.
சர்க்கரைக் கிழங்கு லாரிகள்
சேற்றை இழுத்துக்கொண்டு போகின்றன,
அதே சாலையில்.
உள்ளே மே பதின்மூன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.
நல்ல வெயில் என்கிறது விதிப்புத்தகம்.

விதிகள் லோடோமே எழுதியவை,
ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல்காரர்.
பிரெஞ்சு டாங்கிகளை ஆள்பவன் பேசக் கூடாது.
அன்று கோபுரத்துக்குள் ஒரே ஆள்:
குண்டு திணிப்பதும் அவன், குறி பார்ப்பதும் அவன்,
திசை சொல்வதும் அவன்.
பெரும்பாலான வண்டிகளில் வானொலியும் கிடையாது.
ஆகவே ஒரு கை முதுகுக்குப் பின்னால்.
அளவு நாடா, பகடை, பென்சில் எல்லாம்
மற்றக் கைக்கு.
எதிர்ப்பக்கம் இருவர். பேசலாம், சிரிக்கலாம்,
சிப்ஸ் தின்னலாம்.

இம்முறை சீட்டு ஃபிர்மானுக்கு விழுந்தது.
சந்தையில் மாடு ஏலம் விடுகிறவன்.
அவன் வாய் மூடிப் பார்த்தவர் ஊரில் இல்லை.

நான் காலாட்படை.
ஊருக்குள் முப்பத்தாறு பேர்,
ஆளுக்கு விரலின் ஒரு கணு உயரம்.
ஒற்றை முடித் தூரிகையால் கண் வைத்தவள் நான்தான்.
இரண்டு பேருக்கு மாறுகண் விழுந்துவிட்டது,
அவர்களைப் பின்சுவரோரம் நிறுத்துவேன்.
வெட்கம் அவர்களுக்கா எனக்கா, தெரியாது.

கிழக்கு ஓரத்தில் ஓடிலும் எவ்ராரும் குசுகுசுத்தார்கள்.
சாம்பல் வண்டிகள் ஒரு வாக்கியம்போல் வளைந்தன,
காற்புள்ளியில் நின்று, மறுபடி தொடர்ந்து.
ஃபிர்மானுடையவை தனித்தனிச் சொற்கள்.
கவசம் கனம்தான்,
அடித்தால் அடிபட்டதன் தலையில் கறுப்புப் பஞ்சு எரியும்.
ஆனால் ஒன்று எரிவதை
அடுத்தது அறியாது.

ஆறாம் சுற்றில் எதையோ எழுதி, மடித்து,
லோடோமேயிடம் நீட்டினான்.
பிறகு என்னைப் பார்த்தான்.
ஏலக்காரன் கண்ணில் எப்போதும் ஒரு விலை ஓடும்,
இதில் இல்லை.
முதுகுக்குப் பின்னிருந்த கை தோளை இழுத்தது.
லோடோமே கண்ணாடிக்கு மேலாக:
"ஃபிர்மான், புருவமும் பேச்சுதான்."
புருவம் இறங்கியது.

வலப்பக்கம் பாயப்போகிறான் என்று எடுத்துக்கொண்டேன்.
அவனுக்குத் துணையாக
இரண்டு எந்திரத் துப்பாக்கிகளைக்
கிணற்றுச் சந்திலிருந்து வெளியே நகர்த்தினேன்,
வெட்டவெளிக்கு.

சீட்டு பிரிந்தது.
மேற்கே. பெர்வே சாலை. பின்வாங்கல்.
ஒவ்வொரு வண்டியாக, ஒற்றைக் கையால்
மூக்கைத் திருப்பி
உப்புத்தாள்மேல் தள்ளிக்கொண்டு போனான்.
அந்தச் சத்தம்.

என் ஆட்களுக்குச் செய்தி வர விதியில் ஒரே வழி,
ஓட்டக்காரன். ஆறு விழவேண்டும்.
மூன்று. மூன்று. ஒன்று.
நான்காவது எறிதலில் பகடை மேசை தாண்டி
ரேடியேட்டருக்கடியில் ஓடியது.
டார்ச் அடித்து, முழங்காலிட்டு, எல்லோரும் பார்த்தோம்.
ஆறு.
"தரையில் விழுந்தது செல்லாது," என்றார் லோடோமே.
நான் வாதாடவில்லை.
வாதாடக்கூடியவனுக்கு வாய் இல்லை.

எட்டாம் சுற்று முடிவில்
பதினோரு பேரைப் பக்கவாட்டில் படுக்க வைத்தேன்.
மிச்சம் சரண்,
கைகளைத் தூக்க முடியாத பொம்மைகள்,
துப்பாக்கியோடு பிஸ்கட் டப்பாவுக்குள் போனார்கள்.
மாறுகண் இருவரும் அதில்தான்.

பீர் வந்தது. "இனிப் பேசலாம்," என்றார்.
ஃபிர்மான் குடித்தான், ஒரு கையால்.
மற்றது இன்னும் முதுகில், மறந்துபோய்.
வெகுநேரம் கழித்து:
"சந்தைவிட்டு ஏன் வெளியே வந்தாய்?"
"நீ வருகிறாய் என்று."
ஒரு லாரி கடந்தது, குவளைகள் கொஞ்சம் நடுங்கின.

பகடை ரேடியேட்டருக்கடியிலேயே கிடக்கிறது.
எடுக்க யாருக்கும் கை வரவில்லை.
திங்கட்கிழமை துடைப்பம் வரும்.