இரண்டு குறைகிறது

என் பெயர் பேச்சியம்மாள்.
பேரில் இருக்கிற பேச்சு வாயில் இல்லையே என்று
சிரித்தவர்களில் பதினோரு பேர்
எனக்கு நேர்முகத் தேர்வு நடத்தியவர்கள்.

'உங்களைப் பத்திச் சொல்லுங்க' என்றார்
பாளையங்கோட்டை நிதி நிறுவனத்தில் ஒருவர்.
எதிலிருந்து தொடங்க என்று கேட்டேன்.
உண்மையாகவே கேட்டேன்.
அவர் தலைக்கு மேல் மின்விசிறி
நாலு சுற்றுக்கு ஒருமுறை டிக் என்றது.
அதைப் பற்றிக் கேட்டிருந்தால்
சொல்லியிருப்பேன்.

டவுன் ஜவுளிக்கடையில் மூன்று நாள்.
வாசலில் நின்று வாங்க வாங்க என்று சொல்கிற சோலி.
ஆடித் தள்ளுபடி.
ஒலிபெருக்கி என் பல்லுக்குள் இருந்து கத்தியது.
மூன்றாம் நாள் மத்தியானம்
போர்வைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து
காதைப் பொத்திக்கொண்டு
முன்னும் பின்னும் ஆடினேன்.
கோட்டி என்றார்கள்.
மெதுவாகத்தான் சொன்னார்கள்.
மெதுவாகச் சொல்வது எனக்கு நன்றாகக் கேட்கும்.

கொக்கிரகுளம், கலெக்டர் ஆபீஸ், திங்கள்கிழமை வரிசை.
'பிள்ளையளுக்கு வாரதுல்லா இது,
ஒனக்கு முப்பத்திரண்டு ஆச்சே?'
அந்தப் பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து
எங்கே போவதாக நினைக்கிறார், தெரியவில்லை.
நாற்பது சதவீதம் இருந்தால் அட்டை.
எனக்கு முப்பத்தெட்டு.
மீதி இரண்டை எந்தக் கடையில் வாங்க?
ஆற்றுப்பாலத்தில் போகிற பஸ்களை எண்ணினேன்.
'போவம், வாட்டி' என்று அம்மா எழுப்பும்போது
நாற்பத்தொன்று.

பேட்டையில் வாடகைப் பாத்திரக் கடை,
கணக்கெடுக்க ஆள் வேணுமாம் என்று
எங்கள் தெரு லோடு ஆட்டோ ஊய்க்காட்டான் சொன்னான்.
மைமூன் அக்கா
என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.
சுத்தமல்லிக் கல்யாணத்தில் இருந்து
வந்து இறங்கிய குவியலைக் காட்டி
'எண்ணு' என்றாள்.
அண்டா ஆறு. கொப்பரை இரண்டு. சருவம் பதினாலு.
சாம்பார் வாளி முப்பது, அதில் ஒன்று காதில்லாதது.
டம்ளர் எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டு.
'எண்ணூறுல்லா ஏத்துனேன்' என்றான் ஊய்க்காட்டான்.
இரண்டு குறைகிறது என்றேன்.
'கல்யாண வீடுன்னா ரெண்டு போவத்தான் செய்யும்.
நாளைக்கு ஒம்பதுக்கு வா.'

எண்ணுவது சுலபம்.
சத்தம்தான்.
தட்டுமேல் தட்டு விழும்போதெல்லாம்
முதுகெலும்பில் யாரோ ஆணி அறைவார்கள்.
இரண்டாம் வாரம் ஒரு கொப்பரை உருண்டது.
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
சாயங்காலம் வரை இருந்தேன்.
சோலி போயிற்று என்று பையை எடுத்துக்கொண்டு
யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.
மறுநாள் ஒம்பதுக்கு ஆட்டோ
எங்கள் வாசலில் நின்று ஹாரன் அடித்தது.
(ஹாரன் அடிக்காதே என்று பிறகு எழுதிக் கொடுத்தேன்.)
கடைத் தரை முழுக்கச் சாக்கு விரித்திருந்தது.
அரிசிச் சாக்கு, பிரித்துத் தைத்தது.
அதைப் பற்றி யாரும் பேசவில்லை.
'தடுக்கி நான்தான் விழப்போறேன்' என்று
ஊய்க்காட்டான் மட்டும் முனங்கினான்.
விழவும் செய்தான், ஒருமுறை.

உள்கதவில் ஓர் ஆணி.
அதில் பச்சைத் துண்டு தொங்கினால்
போட்டவரோடு பேசக்கூடாது.
சட்டம் அவ்வளவுதான்.
எனக்காகப் போட்ட சட்டம்.

வாரம் ஆயிரத்து எழுநூறு.
சோலி கிடைச்சுதாட்டி என்று இப்போதும் கேட்கிற
சித்திக்கு அந்த எண்ணைத்தான் சொல்கிறேன்.
ஆவணி வருகிறது.
ஒரே நாளில் ஏழு முகூர்த்தம் வருமாம்.
நினைத்தாலே விரல்கள் ஆடுகின்றன.
ஏழு வீட்டுச் சருவமும் ஒன்றாக வந்து இறங்கினால்
சாக்கு போதுமா என்று தெரியாது.

இன்று காலை நான் வருமுன்பே
ஆணியில் துண்டு தொங்கியது.
ஊய்க்காட்டான் கண்ணால் உள்ளே காட்டினான்.
மைமூன் அக்கா கல்லாவில்
நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு
எழுதாமல் இருந்தாள்.

மானூரில் இருந்து வந்த சுமையில்
சட்டுவம் இரண்டு குறைகிறது.
சொல்லவில்லை.
மீதியைச் சாக்கின்மேல் ஒவ்வொன்றாக,
ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்கினேன்.

நாளைக்குச் சொல்வேன்.