கார்பன் நகல்

ருவைஸில் நான் டைம்கீப்பர்.
பன்னிரண்டரையிலிருந்து மூன்றுவரை
வெயிலில் ஆளில்லை என்று எழுதுவேன்.
பெரும்பாலும் உண்மை.

சாரம் கட்டும் எபனேசரின் பிடரியில்
ஹெல்மெட் துணி எட்டாத ஒரு விரற்கடை.
அங்கே டிஎன்ஏவின் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள்
காலையிலிருந்தே இரண்டிரண்டாய் ஒட்டிக்கொள்கின்றன,
வியர்வையில் நனைந்த தாள் மாதிரி.

ராத்திரி மேல்கட்டிலில் குப்புறக் கிடக்கிறான்.
ஏசி சொட்டுகிறது.
சூரியன் இறங்கி மூன்று மணி நேரமாகியும்
உள்ளே காயம் விழுந்துகொண்டுதான் இருக்குமாம்.
கருப்பே அதை இருட்டுக்குள் தூக்கி வருமாம்,
கம்பெனி கிளினிக் டாக்டரம்மா சொன்னார்.
நம்மைக் காக்கிற நிறம் என்றல்லவா இருந்தோம்!

ஏதோ ஒன்று இழைமேல் ஊர்ந்து போகிறது.
புடைப்பில் தட்டி நிற்கிறது.
பிழையை மட்டுமல்ல,
முன்னும் பின்னுமாய் முப்பது எழுத்தை வெட்டி வீசி
எதிர் இழையைப் பார்த்துப் பார்த்து
மறுபடி எழுதுகிறது. ஓவர்டைம் கேட்பதில்லை.

திருத்தவே முடியாத செல்
தன் கணக்கைத் தானே முடித்துக்கொள்ளும்.
விடிகாலை நாலே முக்கால்.
தலையணையில் உதிர்ந்த தோலைத் தட்டிவிட்டு
பஸ்ஸுக்கு ஓடுகிறான்.

நனைந்து கிழிந்த ஷீட்டை
நானும் அப்படித்தான் சரிசெய்வேன்,
அடியிலிருக்கும் நகலைப் பார்த்து.

போன செவ்வாயும் புதனும்
அவர்கள் சாரம் ஏறியது இரண்டே காலுக்கு.
மூன்று என்று அழுத்தி எழுதினேன்.
நகலிலும் மூன்றுதான் விழுந்திருக்கிறது.

இனி எதைப் பார்த்துத் திருத்த?