எண் 217

நாலு ஊக்கு கொடுத்தார்கள்.
மூன்றைத்தான் குத்தத் தெரிந்தது.
நாலாவது விரலில் ஏறியது.

தெப்பக்குளத்தை நாலு சுற்று.
மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு
இதே கரையில் வலம் வந்த கால்கள்
இன்றைக்கு இடமாக ஓடச் சொன்னதும்
கொஞ்சம் பயந்தன.

விசில்.
எல்லாரும் போனார்கள்.
நானும் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் திருப்பத்திலேயே மூச்சு
என் மின்வாரியக் கவுண்டரில்
கடைசித் தேதி வரிசை மாதிரி
முட்டித் தள்ளியது.
சில்லறை இல்லை, நாளைக்கு வாங்க என்று
அதனிடம் சொல்ல முடியுமா?

யாசின் என்னை ஒருமுறை தாண்டினான்.
பிறகு இன்னொரு முறை.
"வெரசா வாங்கக்கா" என்றான்,
பஸ் புறப்படப் போவது போல.

நடுமண்டபம் மட்டும்
எந்தக் கரையிலிருந்து பார்த்தாலும்
என்னை முந்தவில்லை.
அதைப் பார்த்தபடியே ஓடினேன்.

மூன்றாம் சுற்றில்
பருத்திப்பால் வண்டி வந்து நின்றது.
நாலாம் சுற்றில்
பந்தயமே அதைச் சூழ்ந்து நின்று
ஊதி ஊதிக் குடித்தது.

பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.
"இருங்கப்பா, இருநூத்திப் பதினேழு
இன்னும் வரல" என்று
டைட்டஸ் சார் கத்தினார்.
ஒரு முனை தொங்கிய பேனருக்கடியில்
குனிந்து நுழைந்தேன்.
நாற்பத்தொன்பது நிமிடம்.
நோட்டின் கடைசி வரியில்
பேனாவை உதறி உதறி
எழுதினார்.

திங்கட்கிழமை கவுண்டரில்
யாரும் எதுவும் கேட்கவில்லை.
புடவைத் தோளில்
அந்த நாலாவதைக் குத்தியிருந்தேன்.

ஊக்கு.
பெயர்ச்சொல் என்றுதான்
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.