சுழலாத ஒன்று

புந்தா அரேனாஸ் கடற்கரையில்
டானிட்சா நிறுத்திய மூன்று இரும்புத் தகடுகள்
காற்றுக்குச் சுழல வேண்டியவை.
திறப்பு விழாவன்று சுழலவும் செய்தன.
மேயரின் தொப்பி பறந்துபோனது,
அதற்கும் சேர்த்துக் கைதட்டினார்கள்.

இரண்டாம் குளிர்காலத்தில்
பேரிங்கை உப்பு கடித்துக்கொண்டது. விடவில்லை.
நாய்கூடச் சாய்ந்து நடக்கும் ஊரில்
ஆடாமல் நின்றது அது ஒன்றுதான்.

நகராட்சி பால்டொமேரோவை அனுப்பியது.
ஏணி, கிரீஸ் டப்பா, முழங்கை நீள ஸ்பேனர்.
ஏறினான். வெகுநேரம் பார்த்தான்.
திருகாமலே இறங்கி போன் செய்தான்:
"செஞோரா, நீங்களே ஒருமுறை வாருங்கள்."

துரு.
மேல்தகட்டின் விளிம்பிலிருந்து
வெள்ளைப் பீடத்தின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது,
நேராக அல்ல,
காற்று தள்ளும் பக்கமாகச் சரிந்து சரிந்து.
போன ஜூனில் ஏதோ நினைப்பில்
அவன் ஆணியால் கீறிய கோட்டை
நான்கு விரற்கடை தாண்டியிருந்தது.

டானிட்சா கையுறையைக் கழற்றி
அதன் நுனியில் விரல் வைத்தாள்.
ஈரம்.
வெகுநேரம் எடுக்கவில்லை.

பராமரிப்பு ஏட்டில் பால்டொமேரோ எழுதினான்:
பழுது, இல்லை.
வேகம், ஆண்டுக்கு நான்கு விரல்.

கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு
பூங்காவில் கிறீச்சிடும் ஊஞ்சலைப் பார்க்கப் போனான்.