சாம்பல் சதுரம்

வியாழன் இரவு கம்பைலரைப் புதுப்பித்தோம்.
வெள்ளி விடியலில்
பனிக்கட்டி வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு சாம்பல் சதுரம்.

கிளைப்பெதா துறைமுகம், பிப்ரவரி, மூன்றாம் மாடி.
ஹீட்டர் குழாய் தட்டுகிறது
உள்ளே யாரோ மாட்டிக்கொண்டதுபோல்.
கப்பல்களை உள்ளே அழைத்துவரும் ஸ்கிர்மன்தாஸ்
கீழேயிருந்து மூன்றாம் முறை அழைக்கிறார்.
காயலில் உடைந்த பாளங்கள்
நீரிணைக்குள் எப்போது நுழையும் என்று
அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.
ஆறரைக்கு ஒரு தானியக் கப்பல்.
ஜன்னலைத் திறந்து பாருங்களேன் என்று
சொல்ல வந்ததை விழுங்கினேன்.
ஜன்னலும் அந்நேரத்தில் ஒரு சதுரம்தான்.

வழக்கமான சடங்குகள் முதலில்.
உலாவியை மூடித் திறந்தேன். கேஷைத் துடைத்தேன்.
செருகுநிரலை வேறு கோப்புறைக்கு நகர்த்தி
மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன்,
இடம் மாற்றிப் படுக்கவைத்தால்
குழந்தை தூங்கிவிடும் என்பதுபோல்.
கோப்பு இருக்கிறது. அளவு சரி. அனுமதி சரி.
உலாவி மட்டும் அதைத் தொட்டுவிட்டுக்
கையை உதறிக்கொள்கிறது.

நேற்று கட்டும்போது வாயே திறக்காதது
கறுப்புத் திரையிலிருந்து திறந்தபோது முணுமுணுத்தது:
இப்படி ஒரு பெயர் எனக்குத் தெரியாது.
அதன்பின் அந்தப் பெயர்.
ஓர் அடிக்கோடு, ஒரு இசட், ஒரு பதினொன்று,
நடுவே எங்கோ நான் வைத்த சொல்,
மூட்டைக்கு வெளியே கால் மட்டும் தெரிகிற ஆள்.

கம்பைலர்களுக்கு இது பழக்கம்.
'வரை' என்று நாம் எழுதினால் அப்படியே விடுவதில்லை.
எந்த வீட்டுப் பிள்ளை, கையில் எத்தனை வாங்கும், என்ன வகை
எல்லாவற்றையும் பெயரோடு சேர்த்துத் தைத்துவிடும்.
பழையது ஒரு தையல். புதியது வேறு தையல்.
செருகுநிரல் புதுப் பெயரில் கூப்பிடுகிறது.
வரைபட நூலகம் பழைய பெயருக்கே காது கொடுத்து
அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறது,
முழு ஆரோக்கியத்தோடு.

எழுத்தெழுத்தாக எண்ணும்போது சிரிப்பு வந்தது.
செவ்வாயன்று தபால் நிலையத்தில்
என் பொட்டலத்தை எனக்குத் தரவில்லை.
பொட்டலத்தில் ஸ்தோன்குதே,
அப்பா பெயரில் மகளுக்கு முளைக்கும் வால்.
அடையாள அட்டையில் பெட்குவியெனே,
நான்கு மாதம் முன் ஒட்டிக்கொண்ட வால்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
(அவள் சட்டைப் பட்டையிலும் ஒரு யெனே)
அட்டையைப் பார்த்தாள், பொட்டலத்தைப் பார்த்தாள்,
என்னை மட்டும் பார்க்காமல்
"இவர் நீங்கள் இல்லை" என்றாள்.
வில்மன்தே இரண்டிலும் வில்மன்தேதான்.
பாதிப் பெயர் போதாதாம்.

நூலகத்தைத் திரும்பக் கட்டலாம் என்றால்
அதை எழுதிய க்தான்ஸ்க் கம்பெனி
இழுத்து மூடி இரண்டு வருஷம். மூலநிரல்
யாருடைய எந்தப் பெட்டியிலோ.

அடித்தளத்துக் கணினியில் இன்னும் பழைய கம்பைலர் இருந்தது.
எழுப்பினேன். விசிறி இருமிவிட்டுச் சுற்றியது.
அதனிடம் ஒரு மெல்லிய கோப்பைக் கொடுத்தேன், நாற்பது வரி:
உள்ளே போனால் அதன் பேச்சு,
வெளியே வந்தால் வெறும் பெயர்.
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரே வேண்டுகோள்:
இதைத் தைக்காதே. வைத்தது வைத்தபடி விடு.

முதல் முறை உலாவி அப்படியே செத்து விழுந்தது.
ஓர் எழுத்துப்பிழை, என்னுடையது.

ஐந்து ஐம்பதுக்குச் சதுரம் சற்று நடுங்கி
நீலமானது, அப்புறம் வெள்ளை,
அப்புறம் அம்புக்குறிகள்:
பாளங்கள் வடக்கே, மெதுவாக, கூட்டமாக.
ஸ்கிர்மன்தாஸ் "ம்" என்றார்.
இழுவைப்படகில் ஏதோ பழுதாம்,
கப்பல் மத்தியானத்துக்குத்தான் என்றார்.

குழாய் இன்னும் தட்டுகிறது.
பொட்டலத்தில் இருப்பது பூட்ஸ், உள்ளே கம்பளி வைத்தது.
சனிக்கிழமை பன்னிரண்டு மணி வரை தபால் நிலையம்.
கல்யாணச் சான்றிதழை
எங்கே வைத்தேன்?