எட்டு மதிப்பெண் கேள்வி

ஷர்மினி மேசையிலேயே தூங்கிவிட்டாள்.
விளக்கை அணைக்கப் போனவன்
விடைத்தாளைப் படித்தேன்.

ஜெர்மனி. அறுபது லட்சம் பேருக்கு வேலையில்லை.
சூப்புக்கு வரிசை.
நின்றவனிடம் ஒருவன் வந்து
ரொட்டி தரவில்லை,
கைகாட்ட ஓர் ஆளைத் தந்தான்.
அப்படித்தான் ஓட்டு விழுந்ததாம்.

துவாஸ் கப்பல் பட்டறை என்னை அனுப்பி
ஐந்து மாதம்.
இன்று காலை பூன் லே காப்பிக்கடையில்
கோப்பி ஓ ஆறிக்கொண்டிருக்க,
லாரியின் பின்னால் குந்திப் போன பையன்களைக் காட்டி
"இவனுங்களாலதான்" என்றேன்.
நாலு தலைகள் ஆடின.
வெகு நாளைக்குப் பிறகு
நெஞ்சு நிமிர்ந்தது.

தொண்ணூற்றைந்தில்
சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்து
அப்படியொரு லாரியில்
நானும்தான் குந்தி வந்தேன்.

எட்டுக்கு ஏழு வாங்கிவிடுவாள்.
ஒரு காரணத்தை விட்டிருக்கிறாள்:
அது தரும் சுகம்.